நீங்கள் திருத்திய கண்டனம்

அன்புள்ள தாராளவாதிக்கு,

"அன்புள்ள" என்பது பழக்க தோஷத்தில் வந்துவிட்டது. பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அமைச்சரைக் கேலி செய்து கார்ட்டூன் போட்ட குற்றத்துக்காக என் தம்பியைப் போலீஸ் பிடித்துப் போனதும், உங்கள் பத்திரிகை ஆபீசில் சூடாக ஒரு கண்டன அறிக்கை எழுதினார்கள். நீங்கள் ஆசிரியர் அல்லவா, அதை வீட்டுக்குக் கொண்டுவந்து திருத்தினீர்கள். "கண்டிக்கிறோம்" என்பது "வருந்துகிறோம்" ஆயிற்று. பிறகு "கவனிக்கிறோம்" ஆயிற்று. "கைது" வெறும் "நிகழ்வு" ஆயிற்று. "அவங்க தரப்பையும் கேக்கணும்டி, அதான் லிபரல்" என்று எனக்கு வகுப்பு வேறு. மேடையில் ஜோக் சொல்லி ஊரைச் சிரிக்கவைத்துப் பிழைக்கிற நானும் பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டினேன்.

இன்று அது அச்சில் வந்தது. அமைச்சரின் உதவியாளர் போன் செய்தாராம்: "பிரமாதம் சார்! எங்க அமைச்சரும் இதுல கையெழுத்துப் போடறேங்கறார்." நீங்களும் சரி என்றீர்களாம். உங்கள் உதவி ஆசிரியை வயிறெரிந்து என்னிடம் சொல்லிவிட்டாள்.

தம்பி மனைவி அறிக்கையைப் படித்துவிட்டு, "அண்ணி, இப்போ ஜெயில்ல இருக்கறது நம்ம ஆளா, அமைச்சரா?" என்று கேட்டாள். எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் அழுதுகொண்டிருந்ததால் அடக்கிக்கொண்டேன்.

பெட்டியோடு அவள் வீட்டுக்கே வந்துவிட்டேன். உங்கள் சட்டைகள் கொடியில் காய்கின்றன. எந்தத் தரப்பையும் கேட்காமல் நீங்களே மடித்துக்கொள்ளலாம்.

நாளை ஜாமீன் மனு விசாரணைக்கு வருகிறது. கோர்ட்டுக்கு வருவதானால் எங்கள் பக்கம் உட்காருங்கள், இல்லையென்றால் போலீஸ்காரர்கள் பக்கம் போய் உட்காருங்கள். நடுவில் இருப்பது ஒரே நாற்காலி. அதில் உட்காரத்தான் நீதிபதிக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள்.

ஒரே பக்கமாகச் சாய்ந்துவிட்ட,
உங்கள் மனைவி