பெரியவன் ஓடுகிறான்

7 மார்ச் 1976, ஞாயிறு

இன்று பதினோரு தடவை விழுந்தது. பூசை முடிந்து வந்து, சேலையைக்கூட மாற்றாமல் உட்கார்ந்ததற்கு இதுதான் பலன்.

சாப்பாட்டு மேசையில் போட்ட குட்டி ரயில் பாதையில் சின்ன என்ஜின்கள் இரண்டும் எலிக்குஞ்சு மாதிரி ஓடுகின்றன. என் வீட்டுக்காரர் ஹாம்பர்க்கில் வாங்கிவந்த பெரியவன்தான் அடம். ஒரு முழத்துக்கு மேல் நீளம். கரிவண்டியையும் சேர்த்து எண்ணினால் இருபதுக்கும் மேல் சக்கரம். நேர்த் தண்டவாளத்தில் ராஜநடை நடக்கிறான். வளைவு வந்ததும் நடுச் சக்கரங்கள் தண்டவாளத்தின் மேல் ஏற, ஒருபக்கமாகச் சாய்ந்து படுத்துவிடுகிறான். மூக்கு வேறு வெளியே நீண்டு, மேசை ஓரத்தில் இருந்த காப்பித் தம்ளரைத் தட்டிவிட்டது.

தம்ளர் மைனியுடையது. இவருடைய அக்கா பிளாரன்ஸ், எங்களோடுதான் இருக்கிறார். "ஏளா அல்போன்சா, பள்ளிக்கூடத்துல கணக்கு டீச்சரு, வீட்டுல பொம்மையோட மல்லுக்கட்டுதியே" என்றார்.

பொம்மையா? போன லீவு முடிந்து பம்பாய்க்கு ரயில் ஏறும்போது இவர் சொன்னது மைனிக்குத் தெரியாது. "பெரியவன் நம்ம வீட்டுல விழாம ஓடட்டும், அன்னைக்கே நான் கப்பல விட்டுட்டுக் கரைக்கு வந்திருதேன்." கல்யாணமாகி ஒன்பது வருடம். இவர் வீட்டில் இருந்ததை எல்லாம் கூட்டினால் இருபத்திரண்டு மாதம். புதுத் துறைமுகத்தில் பிட்டர் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள். கப்பல் என்ஜின் அறையில் பதினைந்து வருடம் வெந்தவரை வேண்டாம் என்றா சொல்வார்கள்?

14 மார்ச், ஞாயிறு

இவருக்குக் கடிதம் எழுதினேன். மைனியின் முழங்கால் வலி, வெயில், பரீட்சைத் தாள். கடைசி வரியில் "பெரியவன் ஓடுகிறான்" என்று எழுதிவிட்டேன்.

ஈஸ்டருக்கு முந்தின தபசு காலத்தில், அதுவும் ஞாயிற்றுக்கிழமை, முழுப் பொய். ஏன் எழுதினேன்? விழுகிறான் என்று எழுதினால், "சரி, அடுத்த லீவுல பாப்போம்" என்பார். அந்தப் "பாப்போம்" எனக்கு அலுத்துவிட்டது.

10 ஏப்ரல், சனி

பதில் வந்துவிட்டது. நாலே வரி. கப்பலை விட்டு இறங்குகிறாராம்! ஜூன் இரண்டாம் வாரம் வீட்டில். துறைமுகத்துக்கும் எழுதிப் போட்டிருக்கிறாராம். "அவன் ஓடுறதப் பாக்கணும்."

சந்தோஷத்தில் அழுதேன். அழுது முடித்த பிறகுதான் மேசையைப் பார்த்தேன். மாதாவே!

15 ஏப்ரல், பெரிய வியாழன்

பாவசங்கீர்த்தனத்தில் அந்தப் பொய்யைச் சொல்லிவிட்டேன். சாமியார் முழுவதையும் கேட்டார். பிறகு, "எந்த ரயிலு மகளே?" என்றார். விளக்கினேன். "ரெண்டு மாசம் இருக்குல்லா? ஓட்டப் பாரு. ஓடினாலும் ஓடலைன்னாலும் புருஷன்கிட்ட உண்மையச் சொல்லிரு."

22 ஏப்ரல், வியாழன்

லீவு விட்டாயிற்று. நடுச் சக்கரங்களின் விளிம்பை அரத்தால் ராவிவிடலாமா என்று எடுத்தேன். இவர் ஆசையாக வாங்கியது, மனசு வரவில்லை. வளைவு முழுவதையும் பெயர்த்து, நூல் கட்டி, ஆணி வைத்து, மறுபடி போட்டேன். பதினைந்து அங்குல ஆரம். அப்பழுக்கில்லாத அரைவட்டம். கரும்பலகையில்கூட இவ்வளவு அழகாகப் போட்டதில்லை.

ஒன்பது தடவை விழுந்தான்.

3 மே, திங்கள்

குசினிக் கதவு இறங்கிப்போச்சு என்று மைனி தச்சன் சிலுவையை வரச் சொல்லியிருந்தார். தோணி கட்டுகிற ஓடாவி. கதவைப் பார்க்க வந்தவன் மேசையைப் பார்த்துக்கொண்டு நின்றான். "ஓட்டுங்க டீச்சரம்மா, பாப்போம்." ஓட்டினேன். விழுந்தான். சிலுவை சிரித்தான். எனக்கு வந்ததே கோபம்!

"வட்டம் சுத்தமாத்தான் போட்டிருக்கிய. அதான் கோளாறு" என்றான். "நேரா வாரவனப் பாத்து, இந்த இடத்துல திரும்புலேன்னா எப்படித் திரும்புவான்? முதுகு நீளமானவன்லா?"

தோணிக்குப் பலகை வைக்குமுன் கோடு பார்க்கிற மெல்லிய சட்டம் ஒன்றை எடுத்து, நாலு ஆணிக்கு இடையில் வளைத்து நிறுத்தினான். அது நேராகப் போய், மெல்ல மெல்லச் சாய்ந்து, நடுவில் நன்றாக வளைந்து, மறுபடி மெல்ல நிமிர்ந்தது. நேர்கோடு எங்கே முடிந்தது, வளைவு எங்கே தொடங்கியது என்று என்னால் சொல்ல முடியவில்லை. பதினோரு வருடமாகப் பிள்ளைகளுக்கு வட்டம் போட்டுக் காட்டுகிறேன். நேர்கோட்டின் நுனியில் வட்டத்தை ஒட்டவைத்தால் போதும் என்று நினைத்திருக்கிறேன். அசடு.

ஒரே சிக்கல். அந்த வளைவுக்கு மேசை போதாது. அறையே போதாது. அந்தப் பக்கம் சுவர். சுவருக்கு அப்பால் மைனி சமைக்கிற குசினி.

4 மே

மைனி எப்போது மணப்பாட்டுக்குப் போவார்?

8 மே, சனி

போய்விட்டார்! ஒரு வாரம், சித்தி வீட்டுக்கு. பஸ் கிளம்பிய அரைமணியில் சிலுவை சுவர் இடிக்கிற அலவாங்கோடு வந்து நின்றான். சுவரில் இரண்டு ஓட்டை, போக ஒன்று, வர ஒன்று. பழைய சுண்ணாம்புச் சுவர். முதலில் அசையவே இல்லை. பிறகு கேட்டதற்கு மேலேயே விழுந்தது. வளைவில் பெரியவனின் மூக்கு எவ்வளவு வெளியே நீளும் என்று அளந்து, ஓட்டையை இன்னும் அகலமாக்கினோம். பூனை தாராளமாகப் போய்வரலாம். அந்தப் பக்கம் மேசை உயரத்துக்குப் பலகை அடித்துத் தண்டவாளத்தை நீட்டினோம்.

தலைமுடியெல்லாம் சுண்ணாம்பு. இவ்வளவு சந்தோஷமாக நான் இருந்து ரொம்ப நாளாயிற்று.

15 மே, சனி

மைனி வந்தார். பையைக் கீழே வைக்கவில்லை. சுவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "எங்க அப்பா கட்டுன வீட்டுல..." என்று ஆரம்பித்தார். நான் மெல்ல சுவிட்சைத் தட்டினேன். சின்ன என்ஜின் ஓட்டை வழியாகக் குசினிக்குள் வந்து, அவர் முன்னால் நின்றது. பின்னால் தட்டு வண்டியில் ஒரு எலுமிச்சம்பழம்.

முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். திட்டு தீர்ந்துவிடவில்லை, ஒரு மணி நேரம் நடந்தது. ஆனால் சாயங்காலம் அவரே நாலு பூண்டு ஏற்றி, "உரிச்சு அனுப்புளா" என்று அந்தப் பக்கத்திலிருந்து கத்தினார்.

30 மே, ஞாயிறு

சாப்பாட்டு அறை வளைவில் பெரியவன் விழவில்லை! குசினி வளைவில் மட்டும் வெளிப்பக்கமாகச் சாய்கிறான். வெளித் தண்டவாளத்தை ஒரு அட்டை கனம் தூக்கச் சொன்னான் சிலுவை. தூக்கினேன். மூன்று சுற்று ஓடினான். அதற்குள் சோறு வடித்த ஆவியில் அட்டை ஊறி அமுங்க, நாலாவதில் விழுந்தான். எந்த அட்டை வைத்தாலும் இதே கதை.

இன்னும் இரண்டு வாரம்.

13 ஜூன், ஞாயிறு

வந்துவிட்டார். கறுத்து, இளைத்து. பெட்டியை இறக்குமுன்னே சொல்லிவிட்டேன். "நான் எழுதினப்போ அவன் ஓடல. பொய் எழுதினேன்."

"தெரியும்" என்றார்.

எப்படித் தெரியும்?

"கடைக்காரன் அன்னைக்கே சொன்னான், வீட்டு மேசை வளைவுல எல்லாம் இது போகாதுன்னு."

அப்படியென்றால் — நடக்காது என்று தெரிந்துதான் எனக்கு அப்படிச் சொல்லிவிட்டுப் போனாரா? கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டார். "கரையில எனக்கு என்ன தெரியும்? பயம். அதான் அப்படிச் சொல்லிட்டுப் போனேன்." பெட்டியை இறக்கிவைத்து, "மார்ஜின் கோணினாலே மார்க்கக் கொறைக்கிற பொம்பள நீ. நீயே பொய் எழுதிக் கூப்பிடுதன்னா, இனியும் கடல்ல கெடக்கப்படாதுன்னு தோணிச்சு" என்றார்.

பெரியவன் அவர் முன்னால் மூன்று சுற்று சுற்றி, நாலாவதில் குசினியில் விழுந்தான். அவர் கைதட்டினார். நான் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். கோபத்தில்தான். ஒன்பது வருஷம்! பயமா இருக்குன்னு ஒரு வார்த்தை சொன்னா என்ன?

15 ஜூன்

இன்னும் பேசவில்லை. சக்கரங்களுக்கு எண்ணெய் போடுகிறார். என்னைப் பார்த்துப் பார்த்துப் போடுகிறார்.

16 ஜூன்

பேசிவிட்டேன். எண்ணெய் அதிகமாகி, பெரியவன் நகராமல் நின்ற இடத்திலேயே சக்கரம் சுற்றினான். மைனியும் நானும் விழுந்து விழுந்து சிரித்தோம். சிரித்த பிறகு எப்படிப் பேசாமல் இருப்பது?

5 ஜூலை, திங்கள்

துறைமுகத்தில் சேர்ந்துவிட்டார். காலையில் சைக்கிளில் போனார், சாயங்காலம் வந்தார். ஊரில் எல்லா வீட்டிலும் நடப்பதுதான். நான்தான் வெட்கமில்லாமல் தெருமுனை வரை போய் நின்றேன்.

24 ஜூலை, சனி

கப்பல் கம்பெனியிலிருந்து இவருக்குக் கடிதம். புதுக் கப்பல், தலைமை பிட்டர் வேலை, மூன்று வருட ஒப்பந்தம். பத்தாம் தேதிக்குள் பம்பாய் வர வேண்டுமாம். இந்த வேலைக்கு எத்தனை வருடமாக ஏங்கியவர் என்று எனக்குத் தெரியும்.

இரண்டு தடவை படித்தார். சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். போவீர்களா என்று நான் கேட்கவில்லை. போகட்டும் என்று சொல்கிற நல்ல மனசு எனக்கு இல்லை. இருங்கள் என்று சொல்லவும் வாய் வரவில்லை. இவராகச் சொல்லட்டும்.

25 ஜூலை, ஞாயிறு

பூசை முடிந்து வந்ததும் இவர் நேராகக் குசினிக்குள் போனார். ஊறிப்போன அட்டையை உருவிப் போட்டார். சட்டைப் பையிலிருந்து அந்தக் கடிதத்தை எடுத்தார். நல்ல கெட்டிக் காகிதம், வழவழவென்று. நீளவாட்டில் மடித்து, மறுபடி மடித்து, வெளித் தண்டவாளத்துக்கு அடியில் செருகினார். "இது ஊறாது" என்றார்.

சுவிட்சை நான்தான் தட்டினேன். நாலாவது சுற்று போயிற்று. ஏழு. பத்து.

மைனி தெருவாசலிலிருந்து, "என்ன, விழுற சத்தத்தையே காணோம்? இன்னும் விழலியா?" என்று கேட்டார்.

இல்லை மைனி என்றேன்.