முத்திரைக்குள் தீர்ந்த பற்றரி

பையைத் திறந்ததும் முதலில் வந்தது அரக்கின் வாசனை. நேற்றுப் பின்னேரம் உன் மனைவி முசலியிலிருந்து பஸ் ஏறி வந்து, அந்தச் சீலைப்பையை என் மேசையில் வைத்தார். உள்ளே உன்னுடைய பழைய ஜி.பி.எஸ். கருவி. அதன் வாரில் உடைந்த முத்திரையின் சிவப்புத் துணுக்கு ஒன்று இன்னும் ஒட்டியிருக்கிறது.

"அவர்ட சாமான் அண்ணை. உங்களிட்டத்தான் குடுக்கச் சொன்னவர்," என்றார்.

வளைகுடாவிலிருந்து திரும்பிய ஒருவரிடம் நீ அதை வாங்கிய காலத்திலேயே அது பழையதுதான். கைக்குள் அடங்கும் அந்தக் கருவியில் நீ மீன் பிடிக்கும் பார்களை, அந்தக் கடலடிப் பாறைத் திட்டுகளையெல்லாம் குறித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் வைத்திருந்தாய். வலையைக் கிழிக்கும் பாருக்கு உன் மாமியின் பெயர். இன்னொன்றுக்கு 'அப்புக்காத்து' என்று, வழக்கறிஞனான என் தொழிலின் பெயர். காரணம் கேட்டேன்.

"அலை பாரில அடிச்சு ஒரே சத்தம் மச்சான். மீன் மட்டும் இல்லை."

பள்ளிக்கூடத்தில் பக்கத்து வாங்கில் இருந்தவன் என்ற உரிமையில் நீ அப்படிச் சொல்லலாம். வேறு எவரையும் நான் அனுமதித்ததில்லை.

அன்று விடியற்காலை ரோந்துப் படகு உன்னை மறித்தது. ஆழ்கடலில் எல்லைக்கோட்டுக்கு அருகே கடத்தல் மூட்டைகளைக் கைமாற்றிய படகு உன்னுடையது என்றார்கள். நீயோ இரவு முழுவதும் கரைக்கு அண்மையிலுள்ள பாரில் வலை போட்டிருந்தாய். நீ சென்ற வழி முழுவதும் கருவியில் புள்ளி புள்ளியாகப் பதிந்திருந்தது. "இதைப் பாருங்கோ, நான் போன தடம் கிடக்கு," என்று நீயே அதை நீட்டினாய். எவரும் கேட்கவில்லை, நீயாகத்தான் கொடுத்தாய். உண்மை கையில் இருப்பவன் அப்படித்தான் செய்வான். அவர்கள் அதைப் பாராமலே பையிலிட்டு, நூல் கட்டி, அரக்கு ஊற்றி முத்திரை வைத்தார்கள்.

மறுநாள், படகைத் தடுத்து வைத்து உன்னை மட்டும் விட்டபின் என்னிடம் வந்தபோது நீ படகைப் பற்றிப் பேசவில்லை.

"மச்சான், அதில போட்ட பற்றரி ரெண்டும் செத்தா, உள்ளுக்கு ஒரு சின்னப் பற்றரிதான் ஞாபகத்தைத் தாங்கும். அதுவும் கொஞ்ச நாளைக்குத்தான். பிறகு எல்லாம் போயிடும்."

அன்றே விண்ணப்பம் எழுதினேன். இரு தரப்பும் பார்த்திருக்கத் தடத்தை வாசித்துப் பதிவு செய்யுங்கள்; இயலாதெனில் பற்றரியையேனும் மாற்றுங்கள். விசாரணை நடந்த கந்தோரின் பெயரை இங்கே எழுதவில்லை. அங்கிருந்த அதிகாரி கெட்டவர் அல்லர். கதிரை தந்து, பொறுமையாகக் கேட்டார்.

"முத்திரையை உடைச்சா சான்று பழுதாப் போயிடும் ஐயா. உங்களுக்குத் தெரியாததே?"

தெரியும். அந்த விதியைப் படித்துத்தான் நான் இந்தத் தொழிலுக்கு வந்தேன். விதி காக்க வந்த பொருளை விதியே கொல்கிறது என்று மீண்டும் எழுதிக் கொடுத்தேன். கடிதம் கிடைத்தது என்று மட்டும் பதில் வந்தது.

அதன்பின் விசாரணை தவணை தவணையாகத் தள்ளிப்போனது. அதிகாரி மாற்றலாகிப் போனார். புதியவர் லீவில் நின்றார். ஒருமுறை மொழிபெயர்ப்பாளர் வரவில்லை. ஒவ்வொரு முறையும் வெளியே வந்ததும், ஆஸ்பத்திரி வாட்டில் கிடக்கும் உறவினரைப் பற்றிக் கேட்பது போலக் கேட்பாய்: "உயிரோட இருக்குமோ?" பிறகு கேள்வியை மாற்றினாய்: "மவுத்தாகியிருக்கும், என்ன?" சிரித்துக்கொண்டுதான் கேட்டாய். நான் சிரிக்கவில்லை.

முத்திரையை உடைத்த நாளில் எல்லாம் முறைப்படி நடந்தது. நூல் அறுபடவில்லை, அரக்கு வெடிக்கவில்லை என்று உரக்க வாசித்துப் பதிந்தார்கள். புதிய பற்றரிகளைப் போட்டார்கள். திரை ஒளிர்ந்தது. கடையில் அன்றுதான் வாங்கியது போல, எந்த மொழி வேண்டும் என்று கேட்டது. தடம் இல்லை. பார்கள் இல்லை. உன் மாமியும் இல்லை.

"இதில ஒண்டும் இல்லையே," என்றார் புதிய அதிகாரி.

"இருந்தது ஐயா. நீங்கதான் பத்திரமா வச்சிருந்தனீங்கள்," என்றாய் நீ.

படகும் இஞ்சினும் பறிமுதலாயின. உன் கூற்றுக்குச் சான்று இல்லை என்று முடிவில் எழுதியிருந்தார்கள். சான்று இருந்தது, அவர்கள் காவலில் அழிந்தது. இதை மேன்முறையீட்டிலும் எழுதினேன். அதுவும் தள்ளுபடியானது. கருவியைத் திருப்பித் தந்தபோது, 'நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்' என்ற வரியின் கீழ் ஒப்பம் கேட்டார்கள். வைக்காதே என்று உன் கையைப் பிடித்தேன்.

"விடு மச்சான். என்னைப் போல அதுவும் பார்வைக்கு நல்லாத்தானே இருக்கு."

பிறகு நீ பிறர் படகுகளில் கூலிக்குப் போனாய். தேநீர்க் கடையில் எவனோ அண்ணன் முறை வைத்து உன்னைக் "கடத்தல் நானா" என்று கூப்பிட, நீ திரும்பிப் பார்த்துப் பதிலும் சொன்னாயாம். அதைக் கேட்ட அன்று எனக்கு வேலை ஓடவில்லை. பிறகு ஒருநாள் நெஞ்சுவலி என்று உன்னை முருங்கன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்; நீ உயிரோடு திரும்பவில்லை. உன் ஜனாஸாவில் நான் கடைசி வரிசையில் நின்றேன். அந்த விசாரணையின் முடிவுதான் உன்னைக் கொன்றது என்று எழுத மாட்டேன். அதற்கு என்னிடம் சான்று இல்லை.

இப்போது கைபேசியோடு யார் என் கந்தோருக்கு வந்தாலும், பெயர் கேட்குமுன் சார்ஜ் எவ்வளவு இருக்கிறது என்று கேட்கிறேன். வயது போய்விட்டது என்று நினைத்துச் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

உன் மனைவி வாசலில் நின்று இன்னொன்றும் சொன்னார். "கடைசி வரைக்கும் பற்றரி மாத்தி மாத்தி வச்சிருந்தவர் அண்ணை. பார் எல்லாத்தையும் திரும்பக் குறியுங்கோவன் எண்டனான். மற்றவன்ட படகில போறவனுக்கு எதுக்கு எண்டார். ஒண்டை மட்டும் குறிச்சவர்."

இன்று காலை கருவியை இயக்கிப் பார்த்தேன். வெறுங்கடலில் ஒரேயொரு புள்ளி. அப்புக்காத்து.

அன்புக்காகக் குறித்தாயா, அந்தப் பழைய காரணத்துக்காகக் குறித்தாயா என்று நான் தீர்மானிக்கப் போவதில்லை. இரண்டுக்கும் உனக்கு உரிமை உண்டு. திரையின் மூலையில் பற்றரி குறைந்துவிட்டது என்ற அடையாளம் மினுங்கியது. கடைக்குப் போய்ப் புதியவை இரண்டு வாங்கி வந்து மாற்றினேன். மேசை லாச்சிக்குள் இன்னும் இரண்டு வைத்திருக்கிறேன்.