குதிகால் இரண்டும் நன்றாகத்தான் இருந்தன

என் பாசத்துக்குரிய அம்மா,

நீ போய் ஒரு வருடமும் மூன்று மாதமும் ஆகிறது. இத்தனை நாள் நான் உனக்கு எழுதாமல் இருந்ததற்குக் காரணம் வேலை இல்லை, கோபம்தான். அது இன்னும் தீரவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மகள் நடிக்கிறாள் என்று நீ நினைத்துவிடக் கூடாது. நடிப்பு உனக்குத்தான் நன்றாக வரும் என்பது எனக்குக் கடைசியில்தானே தெரிந்தது.

வீட்டுச் செய்தி சொல்கிறேன். தம்பி இன்னும் அரியலூரில் சுண்ணாம்புக்கல் லாரிதான் ஓட்டுகிறான். அவன் பெண்டாட்டி பிலோமி மாசமாக இருக்கிறாள், இது ஆறாவது மாதம். நான் திருச்சி ஆஸ்பத்திரியை விட்டுவிட்டுப் பெரம்பலூரில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் நர்ஸாகச் சேர்ந்திருக்கிறேன். எழுந்து நடமாட முடியாதவர்கள் கிடக்கிற வார்டு. வேறு வார்டு தருகிறோம் என்றார்கள், நான்தான் வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்காதே, எனக்கே தெரியாது.

உனக்குப் பக்கவாதம் வந்து இடது கையும் காலும் விழுந்தபோது எல்லோரும் உன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். எனக்குக் கவலை உன் முதுகைப் பற்றி. படுத்தே கிடக்கிறவர்களின் உடம்புப் பாரம் முழுக்க ஒரே இடத்தில் போய் அழுத்தும். கட்டிலில் சரியும்போதெல்லாம் விரிப்பு தோலை அரைக்கும். முதலில் ஒரு சிவப்புத் தெரியும், பத்தே நாளில் அங்கே குழி விழுந்துவிடும். எட்டு வருடமாக அதைத்தானே நான் பார்த்துக்கொண்டிருந்தேன்?

அதனால்தான் எங்கள் தலைமை நர்ஸ் மேட்ரனிடம் கெஞ்சி அந்த ஒட்டுகளை வாங்கி வந்தேன். தோல் நிறத்தில், உள்ளங்கை அகலத்தில், உள்ளே மெத்தை மாதிரி மெல்லிய நுரை வைத்தது. புண் வந்த பிறகு போடுவதற்கு அல்ல, வராமல் இருப்பதற்கு. முதுகெலும்பு முடிகிற இடத்தில் ஒன்று, குதிகாலுக்கு ஒவ்வொன்று. உரசலை அது வாங்கிக்கொள்ளும், தோல் தப்பிக்கும். ஞாயிறு தோறும் திருச்சியிலிருந்து பஸ் ஏறி, ஜெயங்கொண்டத்தில் மாறி, வரதராசன்பேட்டையில் நம் வீட்டுக்கு வந்து நானே மாற்றி, மேலே பால்பாயின்ட் பேனாவால் தேதியும் எழுதிவிட்டுப் போவேன். நான் போனதும் பிலோமி செய்ய வேண்டியது ரெண்டே வேலை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை உன்னைத் திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். ஒட்டைத் தொடக் கூடாது.

அந்த இரண்டாவதுதான் உங்களால் முடியவில்லை.

மூன்றாவது ஞாயிறு வந்து பார்த்தபோது முதுகு ஒட்டின் ஓரத்தில் வெள்ளைப் பிளாஸ்திரி சுற்றியிருந்தது. கேட்டதற்கு, "ஓரம் கெளம்புச்சு அண்ணி, அதான் ஒட்டுனேன்" என்றாள் பிலோமி. நம்பினேன். பிரித்துப் பார்த்தால் தோல் உரிந்து பளபளவென்று இருந்தது.

"யாராச்சும் இத எடுத்தீங்களா?" என்று உன்னிடம்தான் கேட்டேன். உனக்கு அப்போது வாய் கொஞ்சம் குழறும், ஆனால் பேச்சு புரியும். நீ என்ன சொன்னாய்? "யாரும் தொடலடி. மாதா மேல சத்தியம்" என்றாய். சின்ன வயதில் நான் விளையாட்டுக்குச் சத்தியம் செய்ததற்கே வாயில் அடித்தவள் நீ. அதனால்தான் மேற்கொண்டு ஒரு வார்த்தை கேட்கவில்லை.

திருச்சிக்குத் திரும்பி மேட்ரனிடம் சொன்னேன். "ஈரம் தொடைக்காம ஒட்டியிருப்ப. எட்டு வருசம் வேல பாத்து என்ன பிரயோசனம்?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். தலை குனிந்து நின்றேன். அன்றிலிருந்து வார்டில் யாருக்கு ஒட்டுப் போட்டாலும் எனக்குச் சந்தேகம் வரும். ஒட்டிவிட்டுப் பத்து நிமிடம் கழித்து மறுபடி போய் ஓரங்களைத் தடவிப் பார்ப்பேன். என் கைதான் சரியில்லை என்று முடிவே கட்டிவிட்டேன், அம்மா. நான் அப்படி நினைத்து வெந்துகொண்டிருந்தது உனக்குத் தெரியும். ஒவ்வொரு ஞாயிறும் உன்னிடம்தானே வந்து புலம்பினேன்? நீ நல்ல கையால் என் முதுகைத் தடவிக்கொடுத்து, "ஒன்னால என்னடி பண்ண முடியும்" என்றாய். அதை நினைத்தால்தான் இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது.

டூட்டி மாற்றிப் போட்டதால் ஒரு வாரம் ஞாயிற்றுக்குப் பதில் வெள்ளிக்கிழமை மத்தியானமே வந்துவிட்டேன். சொல்லாமல் வந்தேன். கதவு திறந்திருந்தது. உன்னை ஒருக்களித்துப் படுக்க வைத்திருந்தார்கள். பக்கத்தில் உன் தங்கை, சவரியம்மா சின்னம்மா, ஜெபமாலையோடு உட்கார்ந்திருந்தாள். பிலோமி கையில் ஒரு தட்டு, அதில் குழைத்த மண். நான் தேதி எழுதி ஒட்டிய ஒட்டு தட்டின் விளிம்பில் ஒட்டிக்கொண்டிருந்தது.

ஏலாக்குறிச்சி மாதா கோயில் மண். ஒரு ராஜாவின் முதுகில் வந்த பிளவை என்ற ஆறாத கட்டியை ஆற்றிய மண் என்று நம் பக்கத்தில் பிறந்த பிள்ளைக்கெல்லாம் தெரியும். முதுகில் ஒட்டைப் பார்த்தாலே புண் என்று நினைக்கிற நம் சனங்களுக்கு வேறு எது ஞாபகம் வரும்? நான் இல்லாத ஆறு நாளும் தினமும் ஒட்டைப் பிய்த்து, மண்ணைப் பூசி, துடைத்து, நான் வருவதற்குள் அதே ஒட்டைப் பிளாஸ்திரி போட்டு நிறுத்தியிருக்கிறீர்கள். ஒவ்வொரு முறை பிய்க்கும்போதும் கொஞ்சம் தோலும் சேர்ந்து வந்திருக்கிறது. பசை போன ஒட்டு சுருண்டு, அதுவே உன்னை அரைத்திருக்கிறது.

"மூடி வெச்சா எப்படிம்மா ஆறும்? காத்தும் படணும், மாதா மண்ணும் படணும்" என்றாள் சின்னம்மா. பிலோமி அழுதுகொண்டே, "அத்ததான் ஒங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாங்க அண்ணி" என்றாள். லாரிக்காரத் தம்பிக்கும் தெரிந்திருக்கிறது. தெருவுக்கே தெரிந்திருக்கிறது. திருச்சியில் நர்ஸ் வேலை பார்க்கிற ஒருத்திக்கு மட்டும் தெரியவில்லை.

நான் உன்னைப் பார்த்தேன். நீ கண்ணை மூடிக்கொண்டாய். தூங்குகிற மாதிரி. என் அம்மா என்னிடம் தூங்குகிற மாதிரி நடித்தாள் என்பதை நான் யாரிடம் போய்ச் சொல்வேன்?

அதற்குப் பிறகு நடந்தது உனக்கே தெரியும். காய்ச்சல், திருச்சி, ஊசி மேல் ஊசி. புண்ணைப் பார்த்த டாக்டர், "நீங்களே நர்ஸ், இப்படி விட்டுட்டீங்களே" என்றார். நீ விழித்திருந்தாய், காதில் விழுந்திருக்கும். அப்போதாவது ஒரு வார்த்தை சொல்வாய் என்று உன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். நீ சொல்லவில்லை. பதினோராம் நாள் போய்விட்டாய்.

உன்னைக் குளிப்பாட்டும்போது குதிகால் ஒட்டுகளை நான்தான் எடுத்தேன். அவை இரண்டையும் யாரும் தொடவில்லை, ராஜாவுக்கு முதுகில்தானே பிளவை. கீழே தோல் பச்சைப்பிள்ளைக்கு இருக்கிற மாதிரி இருந்தது. ஒரு கீறல் இல்லை, ஒரு சிவப்பு இல்லை. என் கையில் தப்பு இல்லை என்று அப்போதுதான் எனக்கு உறுதியானது. அங்கேயே உட்கார்ந்து ஓவென்று அழுதேன். பெத்தவள் போன துக்கம் என்று எல்லோரும் தேற்றினார்கள். அது மட்டும் இல்லை.

எனக்கு மண் மேல் கோபம் இல்லை, மாதா மேலும் இல்லை. நானும் ஏலாக்குறிச்சிக்கு வேண்டிக்கொண்டு நடந்தவள்தான். பங்குச் சாமியார் யாரும் புண்ணுக்குள் மண்ணை வை என்று உங்களுக்குச் சொல்லவும் இல்லை. என்னிடம் கேட்டிருந்தால் உன் நெற்றியில் பூசியிருப்பேன், முதுகைச் சுற்றி நல்ல தோலில் பூசியிருப்பேன். ஏன் கேட்கவில்லை? இதைத்தான் ஒரு வருடமாக மனதுக்குள் உன்னிடம் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

போன மாதம் என் வார்டுக்குக் கல்லங்குறிச்சிப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் வந்தார். கொல்லையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு போய்விட்டது. அவருக்கும் முதுகில் ஒட்டுப் போட்டேன். மறுநாள் பார்த்தால் ஓரத்தில் அரைத்த மஞ்சள் தெரிந்தது. கத்தத்தான் வாயைத் திறந்தேன், மூடிக்கொண்டேன். அப்படியே கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, "யாரு பூசுனது பெரியவரே?" என்றேன்.

"வூட்டுக்காரி அரச்சு எடுத்தாந்து பூசி வுட்டா. நீ திட்டுவியேன்னுதான் சொல்லல பாப்பா."

"நான் திட்டுவேன்னு யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும்? அதான் ஒம் மொவத்துலயே எழுதியிருக்கே" என்று சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால், அம்மா, இந்தக் கடிதத்தில் நானும் ஒன்றை மறைத்திருக்கிறேன். முதல் ஞாயிறே சின்னம்மா அந்த மண் பொட்டலத்தோடு வந்தாள். நீ ஆசையாக நல்ல கையை நீட்டினாய். நான் அதைப் பிடுங்கி ஜன்னல் வழியாக முந்திரிக் கொல்லையில் எறிந்தேன். "மண்ண வெச்சுத்தான் ஆத்திக்கணும்னா என்னை எதுக்குக் கூப்ட்டீங்க? படிக்காத சனங்க" என்றேன். உன் தங்கையின் முகம் சுருங்கியது. நீ, "சரி வுடு சவரி, அவ படிச்சவ" என்றாய், அவ்வளவுதான். அதற்குப் பிறகு நீ என்னிடம் எதையும் கேட்கவில்லை.

இதனால் நீ செய்தது சரி என்று ஆகிவிடாது. பொய்ச் சத்தியம் பொய்ச் சத்தியம்தான். நான் தலை குனிந்து நின்றது நின்றதுதான். ஆனால் அன்றைக்கு நான் உன் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகக் கேட்டிருந்தால் நீ சொல்லியிருப்பாயா? சொல்லியிருப்பாய் என்று நினைத்தால் என் மேல் கோபம் வருகிறது. சொல்லியிருக்க மாட்டாய் என்று நினைத்தால் உன் மேல் வருகிறது. இரண்டில் எது என்று எனக்குச் சொல்ல இனி ஆள் இல்லை.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுத எனக்கு இன்னும் மனம் வரவில்லை. வந்தால் கல்லறைக்கு வந்து நேரில் சொல்கிறேன். இப்போதைக்கு ஒன்று மட்டும் வாக்குக் கொடுக்கிறேன். இனி யாருக்கு ஒட்டுப் போட்டாலும் அதற்கு முன்னால் பக்கத்தில் உட்கார்ந்து, வேறு யார் என்ன பூசுகிறார்கள், எதை நம்புகிறீர்கள் என்று கேட்பேன். அவர்கள் சொல்லி முடிக்கிற வரை வாயைத் திறக்க மாட்டேன். என் முகத்துக்குப் பயந்து இனி ஒரு உயிர் போகாது.

உன்னிடம் ஏமாந்த, உன்னைப் பயமுறுத்திய,
மூத்த மகள்
சகாயமேரி