பாரிஸுக்குப் பஸ்ஸில் போனவள்

ஈப்போ
4 ஆகஸ்ட் 2024

அன்புள்ள ரூபனுக்கு,

நலம்தானே? போனில் பேசினால் வணக்கம் சொல்லி முடிப்பதற்குள் நமக்குச் சண்டை வந்துவிடுகிறது. அதனால்தான் கடிதம். எழுதும்போது நீங்கள் குறுக்கே பேச முடியாது, எனக்கு அதுவே பெரிய நிம்மதி.

நியூசிலாந்துக்குத் தாதி வேலைக்குப் போக ஆங்கிலத் தேர்வு எழுதினேன் அல்லவா, முடிவு வந்துவிட்டது. மற்ற எல்லாவற்றிலும் தேறிவிட்டேன். பேச்சில் மட்டும் அரைப் புள்ளி குறைந்துவிட்டது. "நீங்கள் பார்த்த ஓர் அருங்காட்சியகத்தைப் பற்றிப் பேசுங்கள்" என்று ஓர் அட்டையைக் கொடுத்தார்கள். சுங்காய்த் தோட்டத்தில் பிறந்து, படிப்பு, வேலை என்றே ஓடியவள் நான், எந்த அருங்காட்சியகத்தைக் கண்டேன்? டியூஷனில் பாரிஸ் அருங்காட்சியகம் பற்றி ஒரு பதில் மனப்பாடம் செய்யக் கொடுத்திருந்தார்கள். அதையே மூச்சு விடாமல் ஒப்பித்தேன். தேர்வாளர் அம்மாள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அங்கே எப்படிப் போனீர்கள் என்றார். அதற்கு மனப்பாடம் இல்லை. "பஸ்ஸில்" என்றேன். எங்கிருந்து என்றார். "ஈப்போவிலிருந்து" என்றேன்.

சிரித்து முடித்துவிட்டுப் படியுங்கள். அக்டோபரில் மறுபடி எழுதப் போகிறேன். நீங்கள் கோபித்துக்கொண்டு லூமுட்டிலேயே இருந்தாலும் எழுதத்தான் போகிறேன்.

உங்கள்
கலாதேவி


லூமுட்
12 ஆகஸ்ட் 2024

அன்புள்ள கலாவுக்கு,

உன் கடிதத்தைப் பங்கோர் தீவுக்குப் போகும் படகில், பழுது பார்த்த எஞ்சினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து படித்தேன். நான் சிரித்த சிரிப்பில், எஞ்சின்தான் என்னவோ ஆகிவிட்டது என்று படகு ஓட்டும் சீனி அண்ணன் ஓடி வந்தார்.

என்னை ஒரு வார்த்தை கேட்காமல் நியூசிலாந்துக்கு மனுப் போட்டாய். அந்தக் கோபம் அப்படியேதான் இருக்கிறது. அது வேறு கணக்கு. ஆனால் கட்டிய மனைவிக்கு ஓர் அருங்காட்சியகம்கூடக் காட்டாதவன் என்று வெளிநாட்டுக்காரர்கள் என்னைச் சொல்லக் கூடாது. தைப்பிங்கில் ஒன்று இருக்கிறது. அடுத்த ஞாயிறு உனக்கு விடுமுறை என்றால் வா. பக்கத்திலுள்ள கமுந்திங் பஸ் நிலையத்தில் மோட்டார் சைக்கிளோடு நிற்பேன். ஏறும் முன் பஸ்ஸில் என்ன ஊர் எழுதியிருக்கிறது என்று பார்த்துக்கொள். பாரிஸ் என்று இருந்தால் ஏறாதே.

இப்படிக்கு
ரூபன்


ஈப்போ
1 செப்டம்பர் 2024

அன்புள்ள ரூபனுக்கு,

தைப்பிங்குக்குக் கூட்டிப்போனதற்கு நன்றி. அப்படிச் சிரித்து எவ்வளவு நாளாயிற்று! வார்டில் இன்னும் என்னையறியாமல் சிரித்துக்கொண்டிருக்கிறேன், நோயாளிகள் ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள்.

ஒரு குறை மட்டும் உண்டு. வீட்டுக்கு வந்துவிட்டுப் போங்கள் என்று எத்தனை முறை சொன்னேன். அன்று மாலையே வேலை என்றீர்கள். சீனி அண்ணன் போன வாரம் ரத்த அழுத்தம் பார்க்க எங்கள் மருத்துவமனைக்கு வந்தார். தைப்பிங் போன ஞாயிறு முழுவதும் உங்களுக்கு விடுமுறை என்று அவர் பாட்டுக்குச் சொல்லிவிட்டார். அவரைத் திட்டாதீர்கள். காரணத்தை மட்டும் எழுதுங்கள்.

கலா


லூமுட்
9 செப்டம்பர் 2024

கலா,

காரணம் கேட்டாய், சொல்கிறேன். வீட்டுக்கு வந்தால் எனக்குத் திரும்பிப் போக மனம் வராது. நீ கெட்டிக்காரி, இந்த முறை தேறிவிடுவாய். நீ விமானம் ஏறிய பிறகு அந்த வீட்டில் நான் ஒருவனாக நிற்க வேண்டும். அதற்குத்தான் இங்கே இருந்து பழகிக்கொள்கிறேன். கோபம் என்று சொல்லிக்கொள்வது சுலபமாக இருந்தது.

தேர்வில் மனப்பாடம் வேண்டாம். என்னோடு சண்டை போடும்போது வாய் ஓடுமே, அந்த மாதிரி பேசு.

ரூபன்


ஈப்போ
20 அக்டோபர் 2024

அன்புள்ள ரூபனுக்கு,

தேறிவிட்டேன். கேட்டதற்கு மேலேயே புள்ளி.

அருங்காட்சியகத்தைப் பற்றி அத்தனையும் தயார் செய்துகொண்டு போனால், அட்டையில் "நீங்கள் வாய்விட்டுச் சிரித்த ஒரு நாள்" என்று இருந்தது. உங்களைத்தான் சொன்னேன். பாடம் பண்ணி வைத்த முதலைக்கு முன்னால் நீங்கள் நின்றது, பள்ளிப் பிள்ளைகள் உங்களை அங்கே வேலை செய்பவர் என்று நினைத்துச் சூழ்ந்துகொண்டது எல்லாம். அந்தச் சின்னப் பெண், "அங்கிள், இது உயிரோட இருக்கா?" என்றதும், நீங்கள் முகத்தில் சிரிப்பே இல்லாமல், "உயிரோடதான் இருக்கு. இப்ப வேலை நேரம்லா, அசையக் கூடாது. அஞ்சு மணிக்கு மேல வந்து பாரு" என்றீர்களே, அதை ஆங்கிலத்தில் சொன்னேன். பிள்ளைகள் அலறி ஓடியதையும், அவர்களின் ஆசிரியை வந்து உங்களிடமே கழிப்பறைக்கு வழி கேட்டதையும், நீங்கள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு முன்னே நடந்ததையும், நான் தரையிலேயே உட்கார்ந்துவிட்டதையும் சொன்னேன். தேர்வாளர் சிரிக்கக் கூடாது போல, பாவம், உதட்டைக் கடித்துக்கொண்டார். அருங்காட்சியகத்துக்குப் போவதால் என்ன பயன் என்று கேட்டார். பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்பதைப் பொறுத்தது என்றேன்.

ஒரு தப்பு நடந்துவிட்டது. தொடக்கத்தில் யாரோடு வசிக்கிறீர்கள் என்று கேட்டார். யோசிக்காமல், என் கணவரோடு என்று சொல்லிவிட்டேன். பேசுவதையெல்லாம் பதிவு செய்கிறார்கள். பொய் சொல்லித் தேறியவள் ஆகிவிட்டேனோ என்று மனம் குறுகுறுக்கிறது.

அன்புடன்
கலா


லூமுட்
24 அக்டோபர் 2024

என் அன்புள்ள கலாவுக்கு,

வாழ்த்துகள். சீனி அண்ணன் படகுத் துறை முழுக்க மிட்டாய் கொடுத்துவிட்டார்.

பதிவானது பதிவாகவே இருக்கட்டும். அதைப் பொய்யாக விடுவது எனக்கும் அழகில்லை. முதலாளியிடம் சொல்லிவிட்டேன், துணிமணி கட்டியாகிவிட்டது. ஈப்போவில் ஒரு லாரிப் பட்டறையில் வேலை கிடைத்திருக்கிறது. நீ கிளம்பும் வரை அங்கே. அதற்குப் பிறகு உன்னோடு. நியூசிலாந்தும் தீவுதானாம். தீவு என்றால் படகு, படகு என்றால் கெட்டுப்போன எஞ்சின். எனக்கு அங்கே வேலை இல்லாமலா போகும்?

சனிக்கிழமை மாலை வந்துவிடுவேன். எனக்கும் சேர்த்து அரிசி போடு.

உன்
ரூபன்