இடது பக்கம் ஐம்பத்தேழு

அன்புள்ள அக்கா,

பாப்பாவுக்கு இன்று காலை இடுப்பு ஸ்கேன் எடுத்தாயிற்று. வலது மூட்டுக் கிண்ணத்தின் கோணம் அறுபத்துமூன்று டிகிரி, சரியான வளர்ச்சி. இடது பக்கம் ஐம்பத்தேழு. அறுபது இருக்க வேண்டும். சொன்னவர் ஸ்கேன் டாக்டர். அறிக்கை என் கையில் இருக்கிறது.

"ஆறு வாரக் குழந்தைக்கு இது பயப்படுற அளவு இல்லம்மா. பெரும்பாலும் தானா வளர்ந்துடும், ஆனா மறுபடி பாக்கணும். குடும்பத்துல யாருக்காவது இடுப்பு மூட்டுல குறை இருந்துச்சா?" என்று கேட்டார்.

இல்லை என்றேன். சின்ன வயதில் நீ விழுந்ததால்தான் நடை அப்படிச் சாய்ந்துபோனது என்றே நம் வீட்டில் சொல்லிப் பழகிவிட்டோம்.

பாப்பாவைத் துணியில் சுற்றிக்கொண்டு வாசல் வரை வந்துவிட்டேன். திரும்பிப் போய், "எங்க அக்காவுக்குப் பிறவியிலேயே இருக்கு. ஸ்கேன் எடுக்கச் சொன்னதே அவதான்" என்றேன்.

"சொன்னதும் வந்துட்டீங்களா?"

"இல்ல டாக்டர். அவகூடச் சண்டை போட்டுட்டு வந்தேன்."

அவர் சிரிக்கவில்லை. அறிக்கையில் ஒரு வரி சேர்த்தார்: பெரியம்மாவுக்கு உண்டு.

மறு ஸ்கேன் அடுத்த மாதம் பதினான்காம் தேதி, காலை பத்து மணிக்கு. அறை இரண்டாவது மாடியில். லிஃப்ட் ஓடுகிறது, ஏறிப் பார்த்துவிட்டேன்.

உன் தங்கை