கோட்டுக்குப் பின்னால் இருந்த தட்டுகள்

மார்ச் 3
ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க இன்னும் பதினேழு நாள். நாலு வருஷ உழைப்பு இவ்வளவுதான்: பாஸ்பேட் சத்து இல்லாத அகார் கூழ்த் தட்டில் சாதாரணச் செடியின் ஆணிவேர் கொஞ்ச தூரம் போய் நின்றுவிடும், நான் ஆராயும் மரபணு பழுதான செடியின் வேர் நிற்காமல் போகும். ஆக, பட்டினி வந்தால் வேரை நிறுத்துவது என் மரபணு. ‘என்’ மரபணுவாம். நான்தான் பெற்றெடுத்த மாதிரி!

மார்ச் 5
ஆய்வேட்டின் கடைசிப் படத்துக்கான தட்டுகளை எடுத்தேன். இரண்டில் சாதாரணச் செடிகளும் வேரை நீளமாக விட்டிருக்கின்றன. பாஸ்பேட்டை நானே போட்டுத் தொலைத்தேனா? விதை மாறிப்போச்சா?

மார்ச் 6
விதை மாறவில்லை. பாஸ்பேட்டும் இல்லை. இலையெல்லாம் ஊதா, பஞ்ச காலத்தில் விழித்துக்கொள்ளும் மற்ற மரபணுக்களும் விழித்தே இருக்கின்றன. செடி பட்டினிதான். வேர் மட்டும் ஏன் நிற்கவில்லை?

மார்ச் 7
தெரிந்துவிட்டது. தெரியாமலே இருந்திருக்கலாம்.
அந்த இரண்டு தட்டும் விளக்கு அலமாரி ஓரத்தில் இருந்தவை. அங்கேதான் என் ஆய்வகக் கோட்டை மாட்டுவேன். “இது என்ன துணிக்கடையா?” என்று டெக்னீஷியன் எத்தனை தடவை கத்தியிருப்பார்! விதைத்த அன்றே காய்ச்சலில் படுத்தேன். செடி வளர்ந்த ஒன்பது நாளும் கோட்டு, நிற்க வைத்த தட்டுகளின் கீழ்ப்பாதியை மறைத்துத் தொங்கியிருக்கிறது. இலைக்கு வெளிச்சம், வேருக்கு இருட்டு. மண்ணில் இருப்பது போலவே.
அப்படியென்றால் வேரை நிறுத்துவது பட்டினி மட்டும் இல்லை, நாங்கள் அடிக்கும் விளக்கும்தான். மண்ணுக்குள் ஏது விளக்கு?

மார்ச் 8
பன்னிரண்டு தட்டு விதைத்தேன். ஆறுக்குக் கீழ்ப்பாதியில் கறுப்புத் தாள்.
அக்காவிடம் சொன்னேன். “நீ சொல்லலன்னா யாருக்குத் தெரியப்போகுது? முதல்ல பட்டத்தை வாங்குடி.” நாலு வருஷமாக என்னைச் சுமப்பவள். அவளிடம் கோபப்பட முடியவில்லை.

மார்ச் 12
“கடைசிப் படம் என்னாச்சு?” என்றார் என் ஆய்வு வழிகாட்டி மேடம். “வந்துட்டே இருக்கு மேடம்.” பொய் இல்லை. உண்மையும் இல்லை.

மார்ச் 15
தாளைப் பிரிக்கக் கை பரபரக்கிறது. பிரித்தால் வெளிச்சம் பட்டுவிடும்.

மார்ச் 18
பிரித்தேன். இருட்டில் இரண்டு வகைச் செடிக்கும் ஒரே நீள வேர். மூன்று தடவை அளந்தேன். ஆக, மண்ணுக்குள் என் மரபணுவுக்கு வேலையே இல்லை.
தட்டுகளை அள்ளிக்கொண்டு மேடம் அறைக்குப் போனேன். இந்த முறையைக் கற்றுக்கொடுத்ததே அவர்தான். அவர் பேர் வாங்கியதும் இதில்தான். ஒவ்வொரு தட்டாகத் தூக்கிப் பார்த்தார். “கதவைச் சாத்திட்டுப் போ.” அவ்வளவுதான்.
போச்சு. எல்லாம் போச்சு. வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கக் கூடாதா நான்?

மார்ச் 19
மேடம் வரவில்லை.

மார்ச் 20
ஆய்வேட்டுக்குப் பதிலாக, ஒரு வருஷ அவகாசம் கேட்கும் படிவத்தை நீட்டினேன். தாமதத்துக்குக் காரணம்: “என் பரிசோதனை முறையில் பிழை.” மேடம் ‘என்’ என்பதை அடித்துவிட்டு மேலே ‘எங்கள்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். “என்னோட பழைய விதையெல்லாம் ஃப்ரிட்ஜ்ல, கீழ்த்தட்டுல இருக்கு. அதையும் இருட்டுல போட்டுப் பாரு.”
பதினோரு விதை உறைகள். எடுத்து வைத்துவிட்டேன், காலையில் விதைக்க வேண்டும்.