ஈச்சங்குருத்தைப் பற்றி நீ சொன்ன பொய்

கொழும்புத்துறை

அன்புள்ள மகன் ஜெயசுதனுக்கு, அம்மா எழுதுவது. மாதாவின் கிருபையால் நானும் அப்பாவும் எழும்பி நடமாடுகிறோம், உன் வீட்டிலும் எல்லோரும் சுகமாய் இருக்க மன்றாடுகிறேன். சுகச்செய்தி இவ்வளவுதான், மிச்சம் முழுக்கக் கோபம். போனில் சொன்னால் நீ சிரித்துக் கதையை மாற்றிவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன்.

போன ஆவணியில் வந்தபோது பனங்கூடலுக்குள் கூட்டிக்கொண்டு போய், பனைகளுக்குக் கீழே நிற்கிற ஈச்சம்பத்தைக்கு முன்னால் என்னை இருத்தி வீடியோ எடுத்தாயே. முன்னம் இதை என்ன செய்வீர்கள் என்று கேட்டாய், நானும் உள்ளதைச் சொன்னேன். ஓலையில் பாயும் கூடையும் பின்னுவோம், விளக்குமாறு கட்டுவோம், பழம் கறுத்தால் பிள்ளைகள் பிடுங்கித் தின்னுவார்கள், இடம்பெயர்ந்து கொடிகாமத்தில் கிடந்த நாளில் அரிசி இல்லாமல் குருத்தை வெட்டிச் சாப்பிட்டோம் என்றேன். பசிக்குச் சாப்பிட்டோம் மகன், மருந்துக்கு இல்லை. நீ என்ன செய்தாய்? நீ தந்த குருத்தை நான் சப்புகிற முகத்தை இன்டர்நெட்டில் போட்டு, இதைத் தின்றால் சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு, நாற்பது நாளில் மாறும், என் அம்மாவே சாட்சி என்று கீழே எழுதிவிட்டாய். எனக்கு எந்தக் காலத்தில் சீனி வருத்தம் இருந்தது?

இரண்டு லட்சம் பேர் பார்த்தார்கள் என்று பெருமைப்பட்டாயே, அதில் ஒருத்தி பக்கத்து வீட்டு யசிந்தா. சந்தையில் மீன் விற்கிறவள், பத்து வருசமாய்ச் சீனிக்கு ஆஸ்பத்திரியில் தருகிற குளிசை போடுகிறவள். காலைகளில் அவள் குருத்து வெட்டிக்கொண்டு போவதைக் கண்டேன், கறிக்கு என்று நினைத்தேன். குளிசையை விட்டுவிட்டாள் என்று யாருக்குத் தெரியும்? தவக்காலத்தில் காலில் மீன்முள் ஏறியது, புண் ஆறவே இல்லை, கறுத்துப் போய்த்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். இடது காலில் இரண்டு விரலை எடுத்துவிட்டார்கள். ஏனடி குளிசையை விட்டனீ என்று கேட்டேன். நீங்கள்தானே அக்கா சாட்சி சொன்னனீங்கள், பிறகு எனக்கு எதுக்குக் குளிசை என்றாள். அது பொய்யடி, எனக்கு உந்த வருத்தமே இல்லை என்று ஆஸ்பத்திரி வாட்டில் இருந்த எல்லோருக்கும் கேட்கச் சொன்னேன். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள்.

இது அவளோடு நிற்கவில்லை. அச்சுவேலிப் பக்கமிருந்து வான் பிடித்து வந்து மூட்டை மூட்டையாய்க் குருத்து வெட்டிப் போகிறார்கள். குருத்துப் போனால் அந்த மரமும் போயிற்று. அதைவிட, எத்தனை வீட்டில் குளிசை குப்பைக்குப் போகிறதோ என்றுதான் எனக்கு நடுக்கம். போன ஞாயிறு பூசை முடிய, சுவாமியாரிடம் கேட்டு மைக்கைப் பிடித்தேன். என் மகன் ஜெயசுதன் போட்டது பொய், யாரும் மருந்தை விடாதையுங்கோ என்றேன். உன் பெயரைச் சொல்லும்போது அப்பா தலையைக் குனிந்துகொண்டார். ஆனாலும் சொன்னேன்.

இந்தக் கடிதம் கிடைத்த அன்றே அந்த வீடியோவை அழி. அழித்தால் மட்டும் போதாது, உன் முகத்தைக் காட்டி, நான் பொய் சொன்னேன் என்று சொல். பிறகு யசிந்தாவுக்குப் போன் எடு. அதுவரை உன் போனை நான் தூக்கமாட்டேன். கோபம் கோபந்தான், ஆனால் உனக்காகச் செபமாலை சொல்வதை நான் விடவில்லை. ஆண்டவர் உன்னையும் பிள்ளைகளையும் காக்கட்டும். யசிந்தா வீட்டுக்கு வந்துவிட்டாள், நீ எடுத்தால் கதைப்பாள். உன்னை ஏசமாட்டாள் மகன். அதைத்தான் நீ தாங்கிக்கொள்ள வேண்டும்.

உன்னைப் பெற்ற அம்மா,
யோசப்பின் கிறிஸ்துநாயகம்